சந்தைக்கும் போகணும், மலையும் ஏறணும்: நாலு மீட்டர் எஸ்.யு.வி. கிராமத்துக்கு ஒத்துவருமா?

அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் பேச்சு முன்பெல்லாம் பைக்கைப் பற்றியதாக இருக்கும். இப்போது கார். அதிலும் ஜீப் மாதிரி உயரமாக நிற்கும் கார். வயதானவர்களை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும், காலேஜ் விடுதியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவர வேண்டும், காயில் கட்டக் கொடுத்த மோட்டாரை எடுத்துவர வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை குலசாமி கோயிலுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வண்டி. தாழ்வான சின்னக் கார் வாங்கியவர்கள், வாய்க்கால் மதகைத் தாண்டும்போது அடிப்பக்கம் 'கர்ர்' என்று உரசும் சத்தத்தை மறக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த உயரமான கார்களின் மேல் கண் போகிறது.

இந்த வகைக்கு நல்ல உதாரணம், மகிந்திரா நிறுவனம் 2024 ஏப்ரலில் கொண்டுவந்த எக்ஸ்.யு.வி. 3எக்ஸ்.ஓ. 2019-ல் வந்த எக்ஸ்.யு.வி.300 காரின் அடுத்த வடிவம் இது. கொட்டகையில் இந்த நிறுவனத்தின் டிராக்டர் நிற்கிற வீடுகளில், இந்தக் காரின் பெயரும் சீக்கிரமே பேச்சில் வந்துவிடுகிறது. ஆனால் டிராக்டர் வேறு, கார் வேறு. பெயரை ஒதுக்கிவிட்டு வண்டியைப் பார்ப்போம்.

ஏன் எல்லாமே நாலு மீட்டருக்குள்?

இதன் நீளம் 3,990 மி.மீ. டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, மாருதி பிரெஸ்ஸா என்று எதை அளந்தாலும் 4 மீட்டருக்கு ஒரு விரல் குறைவாகத்தான் இருக்கும். இது வரி செய்த வேலை. 2006 மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜின் அல்லது 1,500 சி.சி.க்குள் டீசல் இன்ஜின் கொண்ட கார்களுக்கு கலால் வரி குறைக்கப்பட்டது. அன்றிலிருந்து நிறுவனங்கள் அந்த அளவுக்குள்ளேயே காரைத் தைக்க ஆரம்பித்துவிட்டன. அந்தக் கோடு ஜி.எஸ்.டி.யிலும் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரம்புக்குள் வரும் கார்களுக்கு வரி 18 சதவிகிதம். அதைத் தாண்டினால் 40 சதவிகிதம். அதற்கு முன்பு இந்தச் சின்ன கார்களில் பெட்ரோலுக்கு செஸ் சேர்த்து 29, டீசலுக்கு 31 சதவிகிதம் இருந்தது. 10 லட்ச ரூபாய் ஷோரூம் விலையிலிருந்த டீசல் கார், இந்த வரிக்குறைப்பு முழுவதும் நமக்கு வந்தால் சுமார் 9 லட்சத்துக்கு இறங்க வேண்டும். பழைய விலைப்பட்டியலைக் காட்டிவிட்டு, 'உங்களுக்காக ஸ்பெஷல் தள்ளுபடி' என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

தரையிலிருந்து எவ்வளவு உயரம்?

கிராமத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. இந்தக் காரில் நிறுவனம் சொல்லும் அளவு 201 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு சாண். வண்டிப்பாதையின் நடுவில் புல் மேடிட்டு நிற்கும் இடம், ஊராட்சிக்காரர்களே போட்ட பெரிய வேகத்தடை, தார் ரோட்டிலிருந்து மண் ரோட்டுக்கு இறங்கும் அந்த ஒரு படி, இவற்றுக்கெல்லாம் இது போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த 201 மி.மீ. என்பது காலிக் காரின் அளவு. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் ஒரு மூட்டை அரிசியும் தேங்காயும் போட்டால், ஸ்பிரிங் அமுங்கி கார் சில சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். ஷோரூமில் நிற்கும் காரைப் பார்த்து 'இது எங்க ஊர் ரோட்டுக்கு ஓடும்' என்று முடிவெடுக்கக் கூடாது. டெஸ்ட் டிரைவ் என்றால் பைபாஸில் ஒரு ரவுண்டு அடித்துக் காட்டிவிட்டு முடித்துக்கொள்வது ஷோரூம்களின் வழக்கம். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வண்டியை ஊருக்கு வரச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள ஐந்து பேரையும் ஏற்றி, உங்கள் வாய்க்கால் கரையிலேயே ஓட்டிப் பாருங்கள். 10 லட்சம் கொடுப்பவர் இந்த அளவுக்குக் கேட்கலாம்.

அகலம் இன்னொரு விஷயம். கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1,821 மி.மீ., கிட்டத்தட்ட ஆறடி. பின் சீட்டில் மூன்று பேர் தோளை இடிக்காமல் உட்கார இந்த அகலம்தான் உதவுகிறது. இந்த அளவுக் கார்களில் இது பெரிய நிம்மதி. அதே அகலம் இரண்டு பக்கமும் திண்ணை உள்ள தெருவில் கண்ணாடியை மடக்க வைக்கும். திரும்ப 5.3 மீட்டர் ஆரம் போதும் என்பதால், களத்து மேட்டில் ஒரே வெட்டில் திருப்பிவிடலாம்.

எஸ்.யு.வி. என்றால் சேற்றில் போகுமா?

போகாது. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

இந்தக் காரில் இன்ஜின் சக்தி முன் சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வசதி எந்த மாடலிலும் கிடையாது. இந்தக் கார் மட்டுமல்ல, நாலு மீட்டருக்குள் வரும் எஸ்.யு.வி.களில் அநேகமாக எல்லாமே இப்படித்தான். விதிவிலக்கு என்றால் தார், ஜிம்னி மாதிரி அதற்கென்றே செய்த வண்டிகள். அவற்றில் அடிச்சட்டம் தனியாக, லாரியைப் போல் இருக்கும். பொலீரோவுக்கும் அப்படித்தான். 3எக்ஸ்.ஓ.வில் அடிச்சட்டமும் கூடும் ஒரே துண்டு, காரைப் போல. அதனால்தான் ரோட்டில் ஆடாமல், குலுக்காமல் ஓடுகிறது. அதனால்தான் கரிசல் மண்ணில் ஒரு மழைக்குப் பின் இறக்கினால் முன் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும், பக்கத்துக் காட்டுக்காரரின் டிராக்டரைக் கூப்பிட வேண்டியிருக்கும். வயலுக்குள் போக வண்டி வேண்டும் என்றால் இது அந்த வண்டி இல்லை. வயல் வரைக்கும் போக வேண்டும் என்றால், போகும்.

தண்ணீரில் 350 மி.மீ. ஆழம் வரை போகலாம் என்று சொல்லப்படுகிறது. அது முழங்காலுக்குக் கீழே. ரயில்வே சுரங்கப்பாதையில் ஐப்பசி மழைக்குத் தேங்கும் தண்ணீர் பல ஊர்களில் இதைவிட அதிகம். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், ஸ்டார்ட் செய்த அந்த நொடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இப்படிக் கெட்ட இன்ஜினுக்கு சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி எடுத்திருக்க வேண்டும். ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்கு அந்தச் சில ஆயிரம் வீண் செலவு இல்லை.

இழுவை எப்படி?

மூன்று இன்ஜின்கள் உண்டு. முதலாவது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 110 பி.எஸ். சக்தி, 200 என்.எம். டார்க். இரண்டாவது அதே அளவில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் பெட்ரோல், 130 பி.எஸ்., 230 என்.எம். மூன்றாவது 1.5 லிட்டர் டீசல், 117 பி.எஸ்., 300 என்.எம்.

பி.எஸ். என்பது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு. டார்க் என்பது எவ்வளவு இழுக்கும் என்பதற்கு. சேற்றுழவில் இன்ஜின் சுற்று குறைந்தாலும் திணறாமல் இழுக்கிறதே டிராக்டர், அந்தக் குணம்தான் டார்க். டீசலில் அந்த 300 என்.எம். இழுவையும் 1,500 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஆள் ஏறிய காரோடு மேட்டில் நின்று கிளம்பும்போது ஆக்சிலேட்டரை அலற விட வேண்டியதில்லை. மூன்றாவது கியரில் போட்டுவிட்டு ஊர்த்தெருவில் மெதுவாகப் போனாலும் இன்ஜின் இடிக்காது.

இது நன்றாகத் தெரிவது மலையில். நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகு, காபி, பலா ஏற்றி வருபவர்களுக்கு அந்தப் பாதை பழக்கம். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, மறுபடி பிறக்க வேண்டும். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜின் கார்கள் இந்த இடத்தில்தான் மூச்சு வாங்கும். இதன் பெட்ரோல் இன்ஜினும் டர்போ என்பதால் சிரமமில்லை. டீசல் இன்னும் சுலபம். இறங்கும்போது பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் வழிதான் சரி: எந்த கியரில் ஏறியதோ அந்த கியரில் இறக்கு. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறி பிடிப்பு போய்விடும். இந்தக் காரில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் எல்லா மாடலிலும் கொடுத்திருக்கிறார்கள். இந்த விலையில் பின்னால் டிரம் பிரேக் வைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அதற்காக கியர் விதி மாறிவிடாது.

கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக்கில் ஒரு வித்தியாசம் உண்டு. பெட்ரோலில் வருவது முழு ஆட்டோமேட்டிக், வழுக்கிக்கொண்டு போகும். டீசலில் வருவது ஏ.எம்.டி.; சாதாரண கியர்பாக்ஸையே இயந்திரக் கை மாற்றுகிறது. கியர் மாறும் இடத்தில் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். ரோட்டில் அது பழகிவிடும். மலை வளைவில், எதிரே பஸ் வரும்போது அந்தத் தயக்கம் எரிச்சல் தரும். டீசல் வாங்குபவர்கள் கையால் மாற்றும் கியரையே எடுப்பது நல்லது.

டீசலா, பெட்ரோலா?

நிறுவனம் சொல்லும் மைலேஜ் பெட்ரோலில் சுமார் 18 முதல் 20, டீசலில் 20.6 கி.மீ.க்கு மேல். சோதனைக்கூடத்துக் கணக்கு அது. ஏ.சி. போட்டு, ஆள் ஏற்றி, சந்தை நெரிசலில் ஓட்டினால் பெட்ரோல் 13, டீசல் 17 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று கணக்குப் போட்டால், மாதம் 1,000 கி.மீ. ஓட்டும் வீட்டுக்கு டீசலில் மாதம் சுமார் 2,300 ரூபாய் மிச்சமாகும். டீசல் காருக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அது திரும்ப மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். மாதம் 500 கி.மீ. மட்டும் ஓட்டினால் ஏழு வருஷம். அதற்குள் கடனே முடிந்துவிடும்.

டீசலுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இப்போதைய பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி உண்டு. அது நிறைந்தால் தானே சூடேற்றி எரித்துக்கொள்ளும். அதற்கு கார் நல்ல வேகத்தில் கால் மணி, இருபது நிமிஷம் விடாமல் ஓட வேண்டும். காலையில் பால் சொசைட்டிக்கு இரண்டு கி.மீ., மாலையில் கடைத்தெருவுக்கு மூன்று கி.மீ. என்று மட்டுமே ஓடினால் இன்ஜின் சூடாவதற்குள் அணைந்துவிடும். கரி சேர்ந்துகொண்டே போய் எச்சரிக்கை விளக்கு எரியும். அப்படிப்பட்ட ஓட்டம் உள்ள வீட்டுக்கு பெட்ரோல்தான் சரி. வாரம் ஒரு தடவையாவது மாவட்டத் தலைநகர் வரை போய் வருபவர்கள் டீசலை எடுக்கலாம்.

பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வருகிறது. கரும்பு, மக்காச்சோளம், நொய் அரிசி இவற்றிலிருந்து எடுப்பது. பெரம்பலூர் மானாவாரிக் காட்டில் விளைவதும் மக்காச்சோளம்தானே. புதுக் கார்கள் இதற்கேற்பத் தயாரானவை; மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறையும்.

உயிர் காக்கும் விஷயங்கள்

விலை குறைந்த மாடலிலும் ஆறு ஏர்பேக், வழுக்கும்போது காரை நேர்ப்படுத்தும் இ.எஸ்.சி., ஐந்து பேருக்கும் தோளோடு மாட்டும் சீட் பெல்ட் இருக்கின்றன. நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப்பில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32-க்கு 29.36, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49-க்கு 43 மதிப்பெண் வாங்கி, இரண்டிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றது. முடிவு 2024 நவம்பரில் வந்தது.

ஆனால் அந்தச் சோதனையில் குழந்தைப் பொம்மைகள் பின் சீட்டில், குழந்தைகளுக்கான தனி இருக்கையில் கட்டப்பட்டிருந்தன. நம் ஊரில் அம்மா மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருவது வழக்கம. மோதும்போது ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். மடியிலிருக்கும் பிள்ளைக்கு அதுவே எமன். ஐந்து நட்சத்திரக் காரில் இந்த ஒரு பழக்கத்தை மாற்றாவிட்டால் நட்சத்திரத்தால் பயனில்லை.

விலை உயர்ந்த மாடல்களில் ரேடார், கேமரா வைத்துத் தானே பிரேக் போடும் வசதி, கூரை முழுக்கக் கண்ணாடி, 10.25 அங்குலத் திரைகள் எல்லாம் வருகின்றன. பாதையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து காரை நேராக வைக்கும் வசதியும் அதில் உண்டு. கோடே போடாத ரோட்டில் அதற்கு என்ன வேலை? கண்ணாடிக் கூரை சித்திரை வெயிலில் அவ்வளவு சுகமும் இல்லை. நடு மாடலோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

10 லட்சம் என்ற கோடு

நடு மாடலோடு நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் கார்களுக்கான ஆயுள் வரி, 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவிகிதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவிகிதம். 9.90 லட்சம் காருக்கும் 10.10 லட்சம் காருக்கும் விலையில் 20,000 ரூபாய்தான் வித்தியாசம். வரியில் மட்டும் 50,000 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். போதாக்குறைக்கு 10 லட்சம் தாண்டிய காருக்கு ஒரு சதவிகிதம் வருமான வரியாக ஷோரூமிலேயே பிடிப்பார்கள். அது திரும்பக் கிடைக்கும் பணம்தான். ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் மட்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று கணக்கே போடாதவர்கள், அந்தப் பத்தாயிரத்தை விட்டுவிடுகிறார்கள்.

கடனுக்கு வருவோம். 8 லட்சம், 9 சதவிகித வட்டி, ஏழு வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 12,870 ரூபாய். வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். முடிவில் வட்டி மட்டும் 2.8 லட்சம். டிராக்டர் கடனில் அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்று வைத்துக்கொள்ள முடிகிறது. கார் கடனில் மாதா மாதம். மாட்டுப்பால், பூ, காய்கறி என்று வாராவாரம் காசு பார்க்கும் வீட்டுக்கு இது ஓடும். வருஷத்துக்கு ஒரே போகம், அதுவும் வானம் பார்த்த பூமி என்றால், கையில் ஒரு வருஷத் தவணை இருப்பு இல்லாமல் இறங்குவது ஆபத்து. கார் ஓடாமல் நின்றாலும் தவணை நிற்காது.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*டிக்கியில் எவ்வளவு ஏற்றலாம்? உர மூட்டை கொண்டுவரலாமா?*

நிறுவனம் சொல்வது 364 லிட்டர். போட்டிக் கார்களோடு பார்த்தால் தாராளம் இல்லை. டிக்கி வாசலின் விளிம்பும் உயரம் என்பதால் மூட்டையைத் தூக்கித்தான் போட வேண்டும். பின் சீட்டை மடக்கினால் இடம் கிடைக்கும். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, கார்ப்பெட்டுக்குக் கீழே தகட்டை அரிக்கும். தார்பாய் விரிக்காமல் போடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவை மட்டும் எக்காரணத்துக்கும் இந்தக் காரில் ஏற்ற வேண்டாம். டிக்கிக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. மூடி கொஞ்சம் கசிந்தாலும் ஏ.சி. அதே காற்றைத்தான் எல்லோர் மூக்குக்கும் சுற்றிவிடும்.

*மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினால் எலி வயரைக் கடிக்குமா?*

கடிக்கும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நிச்சயம். இன்றைய கார்களில் ஒரு வயர் போனாலும் வண்டி கிளம்பாமல் போகலாம். தீவனத்திலிருந்து தள்ளி, தரையில் வெளிச்சம் படும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு வாரம் வெளியூர் போனால், பக்கத்து வீட்டாரிடம் இரண்டு நாளுக்கு ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

*ரோட்டில் போட்டிருக்கும் கொள்ளு, சோளத்தட்டை மேல் ஓட்டலாமா?*

சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றிப் போங்கள். கொள்ளுக்கொடி சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும். சைலன்சர் பக்கம் சிக்கிய காய்ந்த தட்டை, சூட்டில் பற்றிக்கொள்ளும். வேறு வழியில்லாமல் ஓட்டிவிட்டால், தாண்டியதும் சுத்தமான ரோட்டில் நிறுத்தி, இறங்கி, குனிந்து அடியில் பாருங்கள். சிக்கியிருப்பதைக் குச்சியால் இழுத்து எடுங்கள். சைலன்சர் கொதிக்கும், கையை வைக்காதீர்கள். எடுத்து முடிக்காமல் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.